ஆர்லியன்ஸ் மீட்ட கன்னிகை

புதுச்சேரிக் கடற்கரைப் பக்கம் உலாவி வந்தோர், கப்ஸ் கோவிலென்று அவ்வூரார் வழங்கும் தேவதூதர்களின் மாதா ஆலயத்திற்கு எதிரே ஓர் இளம்பெண்ணின் சிலை நிற்றலைக் கண்டிருப்பர். அவள் நம் நாட்டினளல்லள், அரசகுலத்தில் உதித்தவளுமல்லள். பிராஞ்சு தேசத்தில் ஒரு சிற்றூர்க் குடியானவனுக்கு மகளாய்ப் பிறந்து, எழுதப் படிக்கக் கல்லாதவளாய், ஏறக்குறையப் பத்தொன்பதாண்டுகளே இவ்வுலகில் வாழ்ந்து, தீயில் மாண்டவள். அவளே ஜோன் ஆப் ஆர்க் என்று உலகம் போற்றும் வீரக்கன்னி.

அவளுடைய வெற்றிகளை விரித்தோர் பலர். அவள் கேட்டதாகக் கூறிய தெய்வக் குரல்களைப் பற்றி வாதித்தோரும் பலர். நாம் இங்கு நோக்கக் கருதியது வேறொன்றாகும். போருக்குச் செல்லும் ஒருவர், தம் கையாலன்றித் தம் சொல்லாலும் முன்னிலையாலும் சிந்தப்படும் இரத்தத்திற்கு எவ்வளவு பொறுப்புடையர்? ஜோன் தன் கையால் எவரையும் கொன்றதில்லையென்று நியாயசபையின் முன் கூறினாள். ஆயினும் அவள் நடத்திச் சென்ற படையால் ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். இவ்விரண்டினையும் அவள் தன் உள்ளத்தில் எவ்வாறு தாங்கினாள் என்பதே நம் வினா. அவளுடைய விசாரணையில் எழுதி வைத்த குறிப்புக்களும், அவளோடு பழகியோர் பின்னாளில் அளித்த சாட்சியங்களும் இன்றளவும் அழியாதிருத்தலால், இவ்வினாவை ஆராய்தற்கு நமக்கு வழியுண்டு.

ஜோன் பிறந்த காலத்தில் பிராஞ்சு தேசம் பெருந்துன்பத்தில் ஆழ்ந்திருந்தது. 1337-ஆம் ஆண்டு ஆங்கிலேயரோடு மூண்ட யுத்தம் தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்து வந்தது. பின்னோர் அதனை நூற்றாண்டுப் போர் என்றனர். 1415-இல் அஜின்கோர்ட்டு என்னுமிடத்தில் இங்கிலாந்து மன்னன் ஐந்தாம் ஹென்றி பிரெஞ்சுப் பிரபுக்களின் படையை முறியடித்தான். இது போதாதென்று உள்நாட்டுப் பகையும் வளர்ந்தது. 1419-இல் பர்கண்டிக் கோமகன் பட்டத்திளவரசன் சார்லஸின் ஆட்களாற் கொலையுண்ண, அவன் மகன் பிலிப்பு ஆங்கிலேயர் பக்கஞ் சேர்ந்தான். மறு ஆண்டில் துருவா நகரில் எழுதப்பட்ட உடன்படிக்கையின்படி, பிரெஞ்சு மன்னன் ஆறாம் சார்லஸ் தன் மைந்தனை விலக்கி ஹென்றியைத் தன் வாரிசாக ஏற்றான். 1422-இல் மன்னரிருவரும் இறந்தனர். ஓராண்டும் நிரம்பாத குழந்தை ஆறாம் ஹென்றி இரு நாட்டிற்கும் அரசனெனப்பட்டான். இளவரசன் சார்லஸோ, முடிசூட்டப் பெறாதவனாய், லுவார் ஆற்றிற்குத் தெற்கேயுள்ள பகுதிகளில் மனந்தளர்ந்து காலங்கழித்தான்.

மியூஸ் ஆற்றங்கரையிலுள்ள தொம்ரேமி என்னும் ஊரில், 1412-ஆம் ஆண்டை யொட்டி ஜோன் பிறந்தாள். தந்தை ஜாக் தார்க், தாய் இசபெல். தாயிடமே பரமண்டல மந்திரமும் அருள்நிறை மந்திரமும் விசுவாச மந்திரமும் கற்றாள். நூல் நூற்றலிலும் துணி தைத்தலிலும் தனக்கு நிகராவார் இலரென்று பிற்காலத்தில் நியாயாதிபதிகள் முன்னும் அவள் பெருமையோடு கூறியதுண்டு. நோயுற்றாரைப் பேணுதலும் வறியார்க்கு உதவுதலும் அவளிடம் இளமையிலேயே காணப்பட்ட குணங்களென்று ஊரார் பின்னர்ச் சாட்சி கூறினர்.

யுத்தம் அச்சிற்றூரையும் விட்டுவைக்கவில்லை. 1428-இல் பர்கண்டியர் படை வருகின்றதென்று கேட்டு, ஊரார் தம் ஆடுமாடுகளை ஓட்டிக்கொண்டு நூசாத்தோ நகரில் அடைக்கலம் புகுந்தனர். ஜோனும் பெற்றோருடன் சென்றாள். ஆதலின் போர் என்பது அவளுக்குக் கதைகளிற் கேட்ட பெருமையன்று. குடிகள் வீடிழந்து ஓடும் துயரமே போரென்று அவள் இளமையிலேயே கண்டறிந்தாள்.

அவளுக்குப் பதின்மூன்று வயதாயிருந்தபோது, கோடைக்கால நண்பகலொன்றில், தந்தையின் தோட்டத்தில் ஒரு குரல் கேட்டதாகவும், அதனால் மிக அஞ்சியதாகவும் அவள் கூறினாள். அதிதூதரான மிக்கேல் சம்மனசும், அர்ச். கத்தரீனம்மாளும், அர்ச். மார்கரீத்தம்மாளும் தன்னிடம் பேசியதாக அவள் நம்பினாள். அவர்கள் அவளைப் பிராஞ்சு தேசத்தின் துணைக்குப் போகுமாறு ஏவியபோது, தான் ஓர் ஏழைப்பெண் என்றும், குதிரையேற்றமும் போர் நடத்தலும் தனக்குத் தெரியாவென்றும் மறுமொழி சொன்னாளாம். அவள் போரை நாடிச் சென்றவளல்லள். தன் மேல் வைக்கப்பட்ட கடமையென்று கருதி, பல காலம் தயங்கிய பின்னரே எழுந்தாள். மகள் படைவீரரோடு செல்வதாகத் தந்தை கனவு கண்டு, அவ்வாறு நேருமாயின் அவளை ஆற்றில் அமிழ்த்திவிடுக என்று தன் புதல்வரிடம் சொன்னானென்பதும் அவளே கூறிய செய்தி.

உறவினன் ஒருவன் துணையுடன் ஜோன் வொக்குலேர்க் கோட்டைத் தலைவன் பொத்ரிக்கூரிடம் சென்றாள். முதன்முறை அவன் அவளை இகழ்ந்து திருப்பிவிட்டான். 1429-இன் தொடக்கத்தில் அவள் மறுபடியும் வந்து நின்றபோது, அவ்வூர் மக்களே அவளை நம்பி ஆணுடையும் குதிரையும் வாங்கிக் கொடுத்தனர். வீரர் அறுவர் சூழ, பகைவர் நாட்டின் வழியே பெரும்பாலும் இரவில் யாத்திரை செய்து, 11 நாளில் சீனோன் நகரில் இளவரசனைக் கண்டாள். அவன் அவளை உடனே நம்பவில்லை. புவாத்தியே நகரில் வேத சாஸ்திரிகள் மூன்று வாரம் அவளைச் சோதித்து, அவளிடம் தீமை யாதுங் காணோமென்று அறிவித்த பின்னரே படையோடு செல்ல விடை கொடுத்தான்.

இங்கு நம் கவனத்திற்குரிய முதற்செய்தி யாதெனில், வாளுருவுமுன் அவள் கடிதம் எழுதுவித்தாள் என்பதே. 1429 மார்ச்சு 22-இல், தான் சொல்லப் பிறர் எழுத, ஆங்கிலேயருக்கு ஓர் ஓலை விடுத்தாள். பிராஞ்சு நகரங்களின் திறவுகோல்களை ஒப்படைத்துத் தம் நாட்டிற்குச் செல்வாராயின் சமாதானம் உண்டென்றும், மறுப்பாராயின் பெருந்தீங்கு நேருமென்றும் அதில் எச்சரித்தாள். அதன் நடையிற் கடுமையுண்டு. எனினும், பகைவர்க்கு விலகிச் செல்ல வழி காட்டாது தாக்குதல் தகாதென்ற கொள்கையும் அதனுள் உண்டு.

பின்னர்த் தூர் நகரில் அவளுக்கென வெண்கவசம் அடிக்கப்பட்டது. அர்ச். கத்தரீனம்மாளின் பெயர் பூண்ட பியேர்புவா ஆலயத்தில் பீடத்தருகே புதைந்திருந்த பழைய வாளொன்று அவளுக்கு வந்து சேர்ந்தது. சேசு மரி என்னும் திருநாமங்கள் எழுதப் பெற்ற வெண்கொடியொன்றும் செய்வித்தாள். போர் நடக்கும்போது அக்கொடியைத் தானே ஏந்துவது அவள் வழக்கமாயிற்று. எவரையும் கொல்லாதிருக்கும் பொருட்டே கொடியைக் கையிற் கொண்டேனென்று அவள் பின்னர்க் காரணங் கூறினாள். படையிலும் ஒழுங்கு புகுந்தது. வீரர் பாவசங்கீர்த்தனம் செய்தல் வேண்டும், தெய்வநாமத்தை வீணே சொல்லி ஆணையிடுதல் கூடாது, கொள்ளையிட்ட பொருளை உண்ணலாகாது என்றெல்லாம் வற்புறுத்தினாள். பாசறையைச் சுற்றித் திரிந்த தீயொழுக்க மகளிரையும் துரத்தினாள்.

ஆர்லியன்ஸ் நகரம் 1428 அக்டோபர் முதல் ஆங்கிலேயரால் முற்றுகையிடப் பட்டிருந்தது. ஜோன் 1429 ஏப்ரல் 29-இல் அந்நகரினுள் புகுந்தாள். மே 4-இல் சேன்லூ என்னும் அரண் பிடிபட்டது. அவள் கண்ட முதற் பெரும் போர் அதுவே. காயமுற்ற பிரெஞ்சு வீரனொருவனைத் தூக்கி வரக் கண்டு, பிரெஞ்சு இரத்தம் சிந்தக் காணுந்தோறும் தன் மயிர் சிலிர்க்குமென்று கூறினாளாம். அம்மட்டோ! அரணில் மாண்டு கிடந்த ஆங்கிலேயரைக் கண்டபோதும், அவர்கள் பாவசங்கீர்த்தனமின்றி இறந்தனரேயென்று அழுதாள். தானும் அன்றே பாவசங்கீர்த்தனஞ் செய்துகொண்டாள். ஆலயத்திலிருந்த குருக்களுடைய உடைகளை அணிந்து தப்ப முயன்ற ஆங்கிலேயர் சிலரை, வேடம் வெளிப்படையாயிருந்தும், எவரும் தீண்டலாகாதென்று தடுத்துத் தன் இருப்பிடத்திற்கு அனுப்பினாள்.

மறுநாள் ஆரோகணத் திருநாளாதலின் போர் செய்யாதிருந்து, அம்பொன்றில் ஓலையைக் கட்டி மீண்டுமொருமுறை பகைவர்க்குச் சமாதானஞ் சொல்லி விடுத்தாள். அவர்கள் அவளை இழிசொற்களால் வைதனர். மே 7-இல் பாலத்தின் தலைப்பிலிருந்த தூரெல் கோட்டையைத் தாக்கியபோது, ஜோனின் கழுத்திற்கும் தோளிற்கும் இடையே அம்பு பாய்ந்தது. காயத்தைக் கட்டிக்கொண்டு மாலையில் மறுபடியும் அகழிக்கரையில் கொடியோடு நின்றாள், கோட்டை வீழ்ந்தது. கோட்டைத் தலைவன் கிளாஸ்டேல் என்பான் அவளை இகழ்ந்தோருள் முதல்வன். அவனை நோக்கிச் சரணடையுமாறும், அவனுடைய ஆன்மாவிற்காகத் தான் இரங்குவதாகவும் அவள் கூவினாள். ஆயினும் பாலம் ஒடிந்து, அவன் கவசத்தோடு லுவார் ஆற்றில் அமிழ்ந்திறந்தான். தன்னை வைதவன் மாண்டானென்று மகிழாமல், அவனுக்காகவும் அவனோடு மாண்டோர்க்காகவும் ஜோன் அழுதாளென்று அவளுடைய ஆன்மகுரு பஸ்கெரெல் சாட்சி கூறினார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. எஞ்சிய ஆங்கிலேயர் வெளியில் அணிவகுத்து நின்றனர். வெற்றி வெறியிலிருந்த பிரெஞ்சு வீரர் அவர்கள்மேற் பாயத் துடித்தனர். அவர்கள் தாக்கினால் தடுப்போம். நாம் தொடங்கலாகாது என்று ஜோன் நிறுத்தினாள். வெளியிலேயே பூசை நடந்தது. ஆங்கிலேயர் திரும்பிச் சென்றனர். அவர்கள் போகட்டுமென்று விட்டாள். ஏழு மாத முற்றுகை ஒழிந்தது.

இவ்வளவோடு நிறுத்தினால், ஜோனின் போர் மாசற்றதென்று நாம் எளிதில் முடிவு கட்டிவிடலாம். ஆனால் அது முழு உண்மையாகாது. அவள் கொடியேந்திய பாவை மட்டுமல்லள். படை நடத்தும் விரகும் அறிந்தவள். பீரங்கிகளை எங்கே நிறுத்துவதென்பதில் அவளுக்கிருந்த திறமை, இருபது முப்பதாண்டு போர்க்களத்திற் பழகிய தலைவனுக்குரியதெனத் தோன்றியதென்று அவளுடன் போரிட்ட அலான்சோன் கோமகன் வியந்து சாட்சி கூறினான். பீரங்கிக் குண்டு எவரையும் விலக்கிச் செல்வதன்று. கொடியைப் பிடித்த கையே பீரங்கிக்கு இடங்காட்டியதும் என்பதை நாம் மறத்தலாகாது.

ஜூன் 12-இல் ஜார்ஜோ நகரம் தாக்கிப் பிடிக்கப்பட்டது. அதன் காவலர் சரணடைய 15 நாள் தவணை கேட்டனர். பிரெஞ்சுத் தலைவர்கள் மறுத்தனர். உடுத்த ஆடையோடு உயிர் தப்பிப் போக வேண்டுமானால் உடனே போகலாம், இல்லையேல் தாக்கிப் பிடிப்போமென்று தான் சொன்னதாக ஜோன் பின்னர் உரைத்தாள். நகரம் வீழ்ந்தபின், சிறைப்பட்டோர் பலரைப் பிரெஞ்சு வீரர் கொன்றனர். ஜோன் அதனை ஏவினாளென்று எவருங் கூறவில்லை. ஆனால் அது அவள் முன்னின்று பெற்ற வெற்றியைத் தொடர்ந்து நிகழ்ந்தது. ஜூன் 18-இல் பத்தே என்னுமிடத்தில் நடந்த போரில், ஆங்கிலேயர் 2,000 பேருக்கு மேல் மாண்டும் சிறைப்பட்டும் ஒழிந்தனர். அன்று சிறைப்பட்ட ஆங்கிலேயன் ஒருவனைப் பிரெஞ்சு வீரனொருவன் தலையிலடித்து வீழ்த்தினான். அதுகண்ட ஜோன் குதிரையினின்று இறங்கி, அவனுக்குப் பாவசங்கீர்த்தனஞ் செய்விக்கக் குருவை அழைப்பித்து, அவன் தலையைத் தாங்கியவாறே ஆறுதல் கூறினாளென்று அவளுடைய ஏவலிளைஞன் லூயி தெ கூத்து சாட்சியளித்தான். பெருவெற்றி பெற்ற அந்நாளில் அவள் பகைவன் தலையைத் தாங்கி மண்ணில் அமர்ந்திருந்த அக்காட்சியை, அவள் வாழ்வின் மற்றெவ்வெற்றியினும் மேலானதாக நாம் மதிக்கின்றோம்.

வழியில் துருவா நகரம் போரின்றிப் பணிந்தது. உடன்படிக்கையின்படி தம் உடைமைகளோடு வெளியேறிய பகைவர், தாம் சிறைபிடித்திருந்த பிரெஞ்சுக்காரரையும் உடைமையென்று இழுத்துச் செல்ல முயன்றனர். ஜோன் அதனைத் தடுத்து நிற்க, அரசனே மீட்புப்பணங் கொடுத்து அவர்களை விடுவிக்க நேர்ந்தது. ஜூலை 17-இல் ரீம்ஸ் பேராலயத்தில் சார்லஸ் முடிசூட்டப் பெற்றான்; ஜோன் தன் கொடியோடு அருகில் நின்றாள். அன்றே அவள் பர்கண்டிக் கோமகனுக்கு ஓர் ஓலை எழுதுவித்து, அரசனோடு நிலையான சமாதானஞ் செய்துகொள்ளுமாறு கைகூப்பி வேண்டினாள். அரசனிடம் பெற்ற வரமோ, தன் ஊரார்க்கு வரி நீக்கந் தருமாறு வேண்டியதே.

ஆனால் முடிசூட்டிற்குப் பின் அவளுடைய பாதை இருண்டது. அரசன் உடன்படிக்கைகளில் நாட்டங்கொண்டு போரில் தளர்ந்தான். செப்டம்பர் 8-இல் ஜோன் பாரிசு நகரைத் தாக்கினாள். தொடையில் அம்பு பாய்ந்தும் அகழியை விட்டகல மறுத்தாள். மறுநாள் அரசன் கட்டளையாற் படை திரும்பியது. அந்நாள் தேவமாதா பிறந்த திருநாள் என்பது கருதத்தக்கது. ஆரோகணத் திருநாளில் வாளை உறையிலிட்டவள், மாதாவின் திருநாளில் ஏன் வாளெடுத்தாள்? தலைவர்கள் விரும்பியதால் அங்கு சென்றதாக அவள் பின்னர் உரைத்தாள். திருநாளில் தாக்கியது நன்றாவென்று கேட்டபோது, திருநாளைக் கடைப்பிடித்தல் நன்றேயென்பதை ஒப்பினாள். 1430 மார்ச்சில் பொகீமிய நாட்டு உஸ்ஸைட்டருக்கு அவள் பெயரால் சென்ற கடுமிரட்டல் ஓலையும் மிருதுவான உள்ளத்தைக் காட்டுவதன்று. போர் நீள நீள, போரிடுவோர் உள்ளமும் கடினப்படும் போலும்.

அவ்வாண்டு வசந்தத்தில் லாஞி என்னும் ஊரில் நிகழ்ந்தது நம் வினாவிற்கு மிக அணுக்கமானது. அப்பக்கத்தைச் சூறையாடி வந்த பர்கண்டியத் தலைவன் பிராங்கே தாரஸ் என்பான் அவளுடைய படையிடம் சிறைப்பட்டான். பாரிசிற் சிறைப்பட்டிருந்த தன் கட்சியான் ஒருவனுக்கு ஈடாக அவனைக் கொடுத்து மாற்ற ஜோன் எண்ணினாள். ஆனால் அம்மனிதன் இறந்தானென்று செய்தி வந்தது. பிராங்கேயை விடுதல் நீதிக்குப் பெருங்குற்றமாகுமென்று நீதியதிகாரி வற்புறுத்த, தன் ஆள் இறந்தமையால் நீதிப்படி செய்க என்று ஒப்படைத்தாள். விசாரணை 15 நாள் நடந்தது. கொலையும் களவும் துரோகமும் செய்ததாக அவன் ஒப்புக்கொண்டானென்பர். அவன் தலை துணிக்கப்பட்டது. சிறைப்பட்ட வீரனை மீட்புப்பணத்திற்கு விடுதலே அக்கால வழக்கமாதலின், பர்கண்டியர் இதனைப் பெருங்குற்றமாக எண்ணினர். அவனுடைய உயிர் சில நாளேனும் ஜோனின் கையில் இருந்ததென்பது மறுக்கலாகாதது.

1430 மே 23-இல் கோம்பியேன் நகரின் வெளியே, பின்வாங்கும் தன் வீரரைக் காக்கக் கடைசியாக நின்ற ஜோன், தூக்குப்பாலம் உயர்த்தப்பட்டமையால் பர்கண்டியர் கையிற் சிக்கினாள். போர்வுவார்க் கோட்டையில் அடைபட்டிருந்தபோது, கோம்பியேன் மக்களுள் ஏழு வயதிற்கு மேற்பட்டார் அனைவரும் கொல்லப்படுவரென்று கேள்வியுற்றாள். தன்னை ஆங்கிலேயருக்கு விற்றனர் என்றும் அறிந்தாள். அந்நல்லோர் அழிந்தபின் தான் வாழ்வதெற்றுக்கு என்றெண்ணி, மிக உயர்ந்த கோபுரத்தினின்று குதித்தாள். உயிர் போகவில்லை. பின்னர் அச்செயல் தவறென்றே கொண்டு, மன்னிப்பு வேண்டிப் பாவசங்கீர்த்தனஞ் செய்தாள். பத்தாயிரம் பிராங்கிற்கு ஆங்கிலேயர் அவளை வாங்கினர். அவளால் முடிபெற்ற சார்லஸ் பணங்கொடுத்து மீட்க முன்வந்ததாகக் காணோம்.

ரூவான் நகரில், போவே மேற்றிராணியார் பியேர் கொஷோன் தலைமையில் விசாரணை 1431 ஜனவரியில் தொடங்கியது. திருச்சபை விசாரணையாயினும், அவளை ஆங்கிலேயக் காவலரிடம் விலங்கிட்டே வைத்தனர். கற்றோர் பலர் கூடிய சபையில் வழக்கறிஞர் துணையின்றி அவள் தனித்து நின்றாள். கொடியா, வாளா, எதனை மிக விரும்பினாயென்று கேட்டனர். கொடியையே நாற்பது மடங்கு விரும்பியதாகவும், எவரையும் கொல்லாதிருக்கவே அதனை ஏந்தியதாகவும் விடையளித்தாள். ஆனால், பர்கண்டியனிடம் பறித்த மற்றொரு வாளைப் பற்றிக் கேட்டபோது, நல்ல அடிகளும் வெட்டுக்களும் கொடுக்க அது ஏற்றதென்று ஒளியாமற் சொன்னாள். ஆங்கிலேயர் கொலையுண்ட இடங்களில் இருந்ததுண்டோ எனக் கேட்க, உண்டென்று ஒப்பி, அவர்கள் ஏன் பிராஞ்சை விட்டுத் தம் நாட்டிற்குச் சென்றிலரென்று திருப்பி வினவினாள். பிராங்கேயின் மரணத்தைப் பற்றிய வினாவிற்கும் நடந்ததை நடந்தவாறே உரைத்தாள்.

இவ்விடைகளில் நாம் காண்பது யாது? கொல்லவில்லையென்ற ஒரு சொல்லுக்குள் அவள் ஒளிந்து கொள்ளவில்லை. கொடியேந்தினேன் என்றவள், இறந்தோரிடையே நான் இல்லையென்று கூறவில்லை. தன் போர் நியாயமானதென்று உறுதியாக நம்பினாள். ஆயினும் நியாயமான போரிலும் மாண்டவர்க்காக அழவேண்டுமென்பதை அறிந்திருந்தாள். தன் குரல்கள் ஏவியவாறு செய்தேனென்றும் அவள் சொன்னதுண்டு. எனினும், அவ்வேவலைக் காரணங்காட்டித் தான் செய்ததை மறைத்தாளல்லள்.

இவ்வுண்மை மே 24-இல் தெளிவாக விளங்கிற்று. அன்று சேந்துவான் கல்லறைத் தோட்டத்தில் மேடையமைத்து அவளை நிறுத்தி, பிரசங்கி ஒருவர் அவளையும் அவளுடைய அரசனையும் பழித்துப் பேசினார். அவளைக் கைவிட்ட அவ்வரசன்மேற் பழியைச் சிறிது சாய்த்திருந்தால் எதிரிகள் மகிழ்ந்திருப்பர். அவளோ அரசனுக்காகப் பரிந்து பேசினாள். தன் சொல்லுக்கும் செயலுக்கும் அரசனோ பிறரோ பொறுப்பல்லரென்றும், அவற்றிற் குற்றம் உண்டாயின் அது தன்னுடையதே, வேறெவருடையதும் அன்றென்றும் அனைவருங் கேட்கக் கூறினாள். கற்றறிந்த நியாயாதிபதிகள் தம் செயலுக்கு வேறு காரணங்கள் தேடிக்கொண்டிருந்த அவ்விடத்தில், கல்லாத பெண்ணொருத்தி தன் செயலைத் தன்னதென்று ஏற்று நின்றாள்.

அன்று தீயைக் கண்டஞ்சி, அவர்கள் நீட்டிய மறுப்புப் பத்திரத்தில் அடையாளமிட்டாள் என்பதையும் நாம் மறைக்கவில்லை. அவள் கல்லால் ஆனவளல்லள். பத்தொன்பது வயதுப் பெண். ஆயினும் நான்கு நாட்களுள், உயிருக்கஞ்சி உண்மையைக் கைவிட்டது பிழையென்று தானே உரைத்து, விளைவை அறிந்தே அம்மறுப்பை மீட்டுக்கொண்டாள். 1431 மே 30-இல் ரூவான் பழஞ்சந்தை வெளியில் அவளைக் கம்பத்திற் கட்டி எரித்தனர். தான் எவர்க்கேனும் தீங்கிழைத்திருந்தால் மன்னிக்குமாறு இரு கட்சியாரையும் வேண்டினாள். தனக்குத் தீங்கு செய்தோரைத் தான் மன்னித்ததாகவுங் கூறினாள். அங்கு நின்ற ஆங்கிலேயனொருவன் இரு குச்சிகளால் ஒரு சிறு சிலுவை செய்து கொடுக்க, அதனைத் தன் மார்பில் வைத்துக்கொண்டாள். இயேசுவின் திருநாமத்தை உரக்கக் கூவியவாறே உயிர் நீத்தாள். சாம்பரைச் சேன் ஆற்றில் எறிந்தனர்.

யுத்தம் 1453-இல் முடிவுற்றது. முதிர்ந்த தாய் இசபெல் 1455 நவம்பரில் பாரிசுப் பேராலயத்தில் மகளுக்கு நீதி வேண்டி முறையிட்டாள். நூற்றுக்கு மேற்பட்ட சாட்சிகள் விசாரிக்கப்பட்டனர். 1456 ஜூலை 7-இல் பழைய தீர்ப்பு செல்லாதென அறிவிக்கப்பட்டது. 1920 மே 16-இல் பாப்பரசர் பதினைந்தாம் ஆசீர்வாதப்பர் அவளை அர்ச்சியசிஷ்டவளாகப் பிரகடனஞ் செய்தார்.

நம் வினாவிற்கு ஜோனின் வாழ்வு எளிய விடை தருவதன்று. படை என்பது பலர் கைகளால் இயங்குவது. ஏவினோன் தான் வெட்டவில்லை யென்பான். வெட்டினோன் தான் ஏவப்பட்டேன் என்பான். கொடி பிடித்தோன் தன் கையில் வாளில்லை யென்பான். இவ்வாறு பொறுப்பு பலரிடையே பங்கிடப்பட்டு, முடிவில் ஒருவரிடமுந் தங்காது மறைந்துவிடும். மாண்டவனோ பங்கிட இயலாதவாறு முழுமையாக மாண்டு கிடப்பான். ஜார்ஜோவிற் கொலையுண்டோர்க்கும், லாஞியில் தலை துணிபட்டவனுக்கும், ஜோனுடைய கண்ணீர் உயிரளித்ததில்லை. அவளிடம் குற்றமே இல்லையென்று நாம் கூற முற்பட்டால், அவளே ஏற்றுக்கொண்ட பொறுப்பை அவளிடமிருந்து பறித்தவராவோம்.

ஆயினும் தான் செய்ததைச் செய்தேனென்று கூறவும், பகைவன் இறந்தவிடத்து அவனை மனிதனென்று கண்டு அழவும், பழியைப் பிறர்மேற் சுமத்தாதிருக்கவும் ஒருவரால் இயலுமென்பதை அவள் காட்டினாள். போர்க்களஞ் சென்றவர்க்கு மட்டுமன்றி, பலரோடு கூடி ஒரு காரியத்திற் கைவைக்கும் எவர்க்கும் இது வேண்டுவதொன்றாம். புதுச்சேரியில் அச்சிலையின் முன் அடுத்தமுறை நிற்கும்போது, ஆர்லியன்ஸ் கோட்டையை வென்றவளை மட்டுமன்றி, பத்தேப் போர்க்களத்தில் பகைவன் தலையைத் தாங்கியிருந்தவளையும் நாம் நினைப்போமாக.